முட்டையும் மாவும் பூசிய என் மருமகளுக்காக

அனுப்புநர்:
வ. இராஜதுரை,
மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்கு அருகில் (யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்),
பரிஸ் 18.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
முத்தொளித் தமிழ் மன்றம்,
லா சப்பல், பரிஸ்.

பொருள்: கல்லூரிச் சகோதரிகள் சங்கத்தில் சேர்ந்தாள் என்பதற்காக என் மருமகள் மிருணாளினியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தியதை எதிர்த்து.

மதிப்புக்குரிய ஐயா,

1. என்னை நானே அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இன்று தெரு முழுக்கத் தமிழ்க் கடையாய் இருக்கும் லா சப்பலில் மூன்றே மூன்று தமிழர் இருந்த காலத்தில் அதில் ஒருவன் நான். மற்ற இருவரும் என்னிடம் வழி கேட்டு வந்தவர்கள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். அந்த நாள் ஒன்பது இந்த நாள் பட்டத்துக்குச் சமம் என்று பலர் ஒப்புக்கொண்டுள்ளனர். ஆகவே இம்மனுவை வேறு யாரோ எழுதித் தந்ததாக எண்ண வேண்டாம்.

2. மிருணாளினி என் அக்கா தவநாயகியின் ஒரே மகள். வணிகக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. மன்றத்தில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள். தாய் தகப்பனுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளைகள் கூட அவளைக் கண்டால் "அக்கா, எனக்கு ழ வந்திட்டுது" என்று ஓடி வருவார்கள். இந்த வேலைக்கு மன்றம் ஒரு தேத்தண்ணி கொடுத்தது கிடையாது. அவள் கேட்டதும் கிடையாது.

3. நடந்தது இதுதான். கல்லூரியில் பெண் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் உண்டு. புதிதாகச் சேருபவளின் தலையில் முட்டை உடைத்து, மாவு தூவித் தெருவில் விடுவார்கள். அவள் மலசலகூடக் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்து, போவோர் வருவோரிடம் விற்க வேண்டும். சேரும் காசு ஆஸ்பத்திரிப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்குப் போகும். இது இந்த நாட்டு மாணவரின் பழைய பகிடி விளையாட்டு. அந்த நேரம் பார்த்து மன்றப் பொருளாளர் தவரத்தினம் மெட்ரோப் படியால் ஏறி வந்திருக்கிறார். பிள்ளை மரியாதையாக "அங்கிள், ஒரு துண்டு வாங்குங்கோ" என்று கேட்டிருக்கிறாள். அவர் வாங்கவில்லை. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கடை பெட்டை மெட்ரோ வாசலிலை பிச்சை எடுக்கிறாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். அக்கா கறியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினாள். பொழுது படுவதற்குள் மரக்கறிக் கடையில் இருந்து முடிவெட்டும் கடை வரை இதே கதை.

4. மறு வாரம் மன்றம் கூடி, மிருணாளினி அந்தச் சங்கத்தை விட்டு விலகி, மன்னிப்பும் எழுதித் தந்தால்தான் வகுப்புக்கு வரலாம் என்று முடிவெடுத்தது. சமூகத்தின் மானம் போய்விட்டதாம்.

5. ஐயா, மானக் கணக்கை நானும் கொஞ்சம் பார்க்கிறேன். வெள்ள நிவாரணத்துக்கு நாங்கள் கடை வாசல்களில் தகரப் பேணி குலுக்கியபோது அதைப் பிச்சை என்று யாரும் சொல்லவில்லை. முன்னால் நின்று குலுக்கியவர் தவரத்தினம். என் பேணிதான் முதலில் நிரம்பியது, அது வேறு கதை. முட்டையும் மாவும் அசிங்கம் என்றால், பெண் பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்திய வீட்டில் அவள் தலையில் அறுகம்புல்லும் பாலும் வைத்துத் தண்ணீர் வார்க்கிறோமே, அது என்ன? மிருணாளினிக்கு முதல் பால் வைத்த தாய்மாமன் நான். தங்கள் மகளின் சாமத்தியத்தில் அவளைப் பல்லக்கில் வைத்துப் புகை விட்டு மண்டபத்துக்குள் கொண்டுவந்த நாளில் முன் கொம்பு என் தோளில் இருந்தது. பிள்ளை பயத்தில் அழுதது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

6. சங்கத்தால் நட்டமே இல்லை என்று எழுத மாட்டேன். பொய் சொல்ல வராதது எங்கள் பரம்பரைக் குறை. வெள்ளிக்கிழமைக் கோயில் குறைந்துவிட்டது. சந்தா கட்ட வேண்டும். இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் பிந்தி வந்தாள். சங்கத்தின் செம்மஞ்சள் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள். அக்காவுக்கு அது கண்ணில் குத்துகிறது.

7. ஆனால் இலாபத்தையும் கேளுங்கள். கல்லூரி தொடங்கிய முதல் மாதம் அவள் படிக்கட்டில் தனியே இருந்து சாப்பிட்டவள். ஒருவரும் பேசவில்லை. "மாமா, நான் படிப்பை நிப்பாட்டப் போறன், கடையிலை வேலைக்கு நிக்கிறன்" என்று என்னிடம் சொன்னாள். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. தாங்களும் சொல்ல வேண்டாம். அந்தப் படிக்கட்டில் வந்து பக்கத்தில் இருந்தவள் இசபெல் என்ற மூத்த மாணவி. சங்கத்தில் புதியவள் ஒவ்வொருத்திக்கும் மூத்தவள் ஒருத்தி பொறுப்பு. அன்று முதல் பாடத்துக்கும் இசபெல், காய்ச்சலுக்கும் இசபெல். அக்காவின் வதிவிட அட்டை புதுப்பிக்க அரசாங்க அலுவலகத்துக்குக் கூடப் போனதும் இசபெல். அவள் பேசிய பேச்சில் அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்றாராம். நான் பார்க்கவில்லை, ஆனால் நின்றிருப்பார். தெருவில் இத்தனை சொந்தம் இருந்தும் அந்தப் படிக்கட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் எங்களில் ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

8. சங்கத்தை விட்டால் அவள் படிப்பையும் விடுவாள். மன்றம் கேட்கும் மன்னிப்பின் விலை அதுதான். அதைக் கொடுக்க நான் விட மாட்டேன்.

9. இன்னொன்று. வருகிற பொங்கல் விழாவுக்கு மண்டபம் கிடைக்காமல் தாங்கள் அலைந்தபோது, கல்லூரி அரங்கை எடுத்துத் தந்தது அந்தச் சங்கம்தான். பதிவு அவர்கள் பெயரில் இருக்கிறது. இதை நான் வெருட்டலாக எழுதவில்லை. "மாமா, மண்டபத்தை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ, அது பிள்ளையளின்ரை விழா" என்று மிருணாளினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே இழுக்கவில்லை. பிச்சைக்காரி என்று பெயர் வாங்கியவள் அப்படிச் சொன்னாள் என்பதை மட்டும் தாங்கள் அறிய வேண்டும்.

10. எனவே, மன்றத்தின் முடிவை நீக்கி, தவரத்தினம் அவர்களை என் அக்காவின் வீட்டுக்கு அனுப்பி, பரப்பிய கதையை அவர் வாயாலேயே திருப்பி எடுக்கச் செய்யுமாறு கேட்கிறேன். தேத்தண்ணி நாங்கள் கொடுப்போம்.

தங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும், வருகிற சனிக்கிழமை மிருணாளினி வகுப்புக்கு வருவாள். செம்மஞ்சள் சட்டையோடுதான் வருவாள். கதவு பூட்டியிருந்தால் மாடிப்படியில் வைத்துப் படிப்பிப்பாள். இந்த முறை படிக்கட்டில் அவளுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன்.

இடம்: பரிஸ்
திகதி: 15.11.2016

தலை குனியாத பணிவுடன்,
வ. இராஜதுரை
(மிருணாளினியின் தாய்மாமன்)