இந்தப் பட்டா எனக்கு வேண்டாம்

அனுப்புநர்:
ப. தனகோட்டி (வயது 49),
த/பெ. காலஞ்சென்ற பச்சைமுத்து,
சிங்கவரம், செஞ்சி வட்டம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், செஞ்சி.

பொருள்: சிங்கவரம் புல எண் 214/3, ஒரு ஏக்கர் பத்து சென்ட் புஞ்சை – நீண்டகால அனுபவத்தைக் காட்டிப் பட்டா கோரும் மனுவிலிருந்து என் கையொப்பத்தை நீக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிலத்தில் நாற்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பம் மணிலா (வேர்க்கடலை) பயிரிடுகிறது. பட்டா ஞானம் என்பவர் பெயரில் உள்ளது. அவர் 1985-இல் குடும்பத்தோடு ஓசூருக்குப் பிழைக்கப் போனவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் யாரும் ஆட்சேபிக்காததால், எதிரிடை அனுபவப்படி நிலம் எங்களுக்கே சொந்தம் என்று என் அண்ணன் பெரியதம்பி சென்ற மாதம் தங்களிடம் மனு கொடுத்தார். ஞானம் குடும்பம் நிலத்தைக் கைவிட்டுவிட்டது என்று அவர் சொன்னதை நம்பி நானும் கையொப்பமிட்டேன்.

2. 09.06.2025 அன்று கிராம நிர்வாக அலுவலர் புலத்தணிக்கைக்கு வந்தார். காலஞ்சென்ற ஞானத்தின் மகள் டெய்சியும் வந்து, ஓர் இன்லண்டு கடிதத்தை என்னிடம் நீட்டினார். 1991-இல் என் தந்தை எழுதியது. 'ற' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ர' போடுவது அவர் வழக்கம்.
“ஞானம், நெலத்தப் பத்தி கவலப்படாத. எத்தினி வருசம் ஆனாலும் நீ வந்து கேக்குர அன்னிக்கு உன் கையில குடுப்பேன். நான் வெரும் காவல்தான்.”
கடிதத்தைப் பக்கத்தில் நின்ற அண்ணனிடம் நீட்டினேன்.

3. அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. என் காதருகே குனிந்து, “ஞானம் போட்ட பதில் கடுதாசிங்க நம்ம வூட்டுப் பொட்டியில இருந்துது. நைனா காரியம் முடிஞ்ச அன்னிக்கே கொளுத்திட்டேன். இப்ப இன்னா அதுக்கு?” என்றார். தந்தை இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, ஐயா. ஆறு ஆண்டுகளாக அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

4. டெய்சி சண்டை போடவில்லை. “நீங்களுமாக்கா கையெழுத்து போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். கடிதத்தின் நகல் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

5. உரிமையை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றம் என்று அறிகிறேன். வழக்கு அங்கே போனாலும், நாங்கள் ஞானத்தின் அனுமதியின் பேரில் உழுதவர்களே என்று சாட்சி சொல்வேன்.

ஆகவே என் கையொப்பத்தை நீக்கி, இதையே என் வாக்குமூலமாகப் பதிவு செய்து, பட்டா மாறுதலை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். விசாரணை நாளை எனக்கும் தெரிவியுங்கள். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவரை நேருக்கு நேர் பார்த்து இதைச் சொல்ல எனக்கு இனி தங்கள் அலுவலகம் ஒன்றுதான் இருக்கிறது.

இணைப்பு: கடித நகல்.

நாள்: 16.06.2025
இடம்: சிங்கவரம்

எழுதியவை யாவும் உண்மை எனக் கூறும்,
ப. தனகோட்டி