ஓட்டுபவர், எழுதுபவர்

பாளையங்கோட்டை,
மே 18, ஞாயிறு இரவு.

கர்த்தருக்குள் அன்பான ஹெப்ரான் அண்ணனுக்கு, உன் தங்கை ஜெசி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம்.

சுக்குக்கருப்பட்டி இருக்கிற ஓலைப்பெட்டியில், அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே இதை வைக்கப்போகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை. அம்மாவுக்குச் சுக்கு ஆகாது. அதனால் பெட்டியை நீதான் திறப்பாய். அப்போது அவர்கள் உன் வீட்டில்தான் இருப்பார்கள், அநேகமாக அடுத்த அறையில். முகத்தை மாற்றிக்கொள்ளாதே. கடைசி வரி வரைக்கும் படிக்காமல் எழுந்து போய் எதையும் கேட்டுவிடாதே.

நாளை ரயில் ஏறுகிறார்கள். புதன்கிழமை நாக்பூர். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உன் வீட்டு வாசலிலிருந்து வண்டி லடாக்குக்குக் கிளம்பும். அந்த வண்டியை அப்பா ஓட்டக் கூடாது, அண்ணா. அதைத் தடுக்க உனக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளை இன்று மத்தியானமே ஸ்டேஷனில் பார்சல் போட்டாயிற்று. மெக்கானிக் சுடலைக்கண்ணு அண்ணாச்சிதான் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றிக் கட்டிக் கொடுத்தார். "சார், வண்டிய மட்டும் கொண்டாந்திருங்க. போற வழியில பனிக்கரடிய கினிக்கரடிய ஏத்திராதீங்க" என்று அவர் சொல்ல, அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. நாக்பூர் வரைக்கும் ரயில் என்பது அம்மாவின் யோசனை. பேரம் பேசிப் பேசி அப்பாவை அதற்குச் சம்மதிக்க வைத்தாள். மிச்ச தூரத்துக்கு அவர் அசையவில்லை. "ரோட்ட மிதிக்காம போனா அது போனதா தேவமணி?" என்றார்.

லடாக் ஏன் என்று உனக்குத் தெரியும். சிலிகா ஏரிக்கும் கட்சுக்கும் பரத்பூருக்கும் அவர்கள் வண்டியிலேயே போய்வந்த லீவுகளில் நம்மை ராதாபுரம் பெரியம்மா வீட்டில் விட்டுப்போவார்கள். நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பாய். நம் குளங்களுக்கு மார்கழியில் வருகிற வரித்தலை வாத்துகள் முட்டையிடுகிற ஏரி அங்கேதான் இருக்கிறதாம். "வருஷா வருஷம் நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வாரவுக. அவுக வீட்டுக்கு ஒருக்காலாவது நாமளும் போவாண்டாமா?" என்று அப்பா சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு அவசரம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை, பிப்ரவரி வரைக்கும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரம் சித்தி வீட்டிலிருந்து மூன்று பேரும் ஒரே வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்குக் காய்ச்சல். தூங்கி விழுந்துவிடுவேனோ என்று பயந்து அம்மா என்னை நடுவில் உட்காரவைத்துத் தான் பின்னால் உட்கார்ந்தாள். பத்தமடை தாண்டியதும் என் இடது தோளில் தட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் பலமாகத் தட்டினாள். அப்புறம் என் தலைக்கு மேலே கையை நீட்டி அப்பாவின் தோளைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. "இடது பக்கம், இடது பக்கம்" என்று அவள் கத்தியது ஹெல்மெட்டுக்குள் அப்பாவுக்குக் கேட்கவும் இல்லை.

இடது பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பெயர் அசன் மைதீன் என்று பிறகு தெரிந்தது. கேரியரில் ஒரு ஆள் உயரத்துக்குப் பாய்க்கட்டு. நம் வண்டி அதை இடித்துத் தள்ளியது. சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பாய்கள் ரோட்டில் விரிந்து கிடந்தன. நாங்கள் எப்படியோ விழவில்லை. அவர் முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து வந்து, "ஏவே, கண்ணு தெரியலையா? இம்புட்டுப் பெரிய கட்டு தெரியாமலா வாரீரு?" என்று சத்தம் போட்டார்.

யாராவது அப்படிச் சொன்னால் அப்பா எப்படி மல்லுக்கு நிற்பார் என்று உனக்குத் தெரியுமே. அன்றைக்கு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தெரியல அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதருக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சரி சரி, பைய போங்க. பிள்ளைய வேற வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு சேர்ந்து பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் அம்மாவிடம் கேட்டேன். முதலில் எரிந்து விழுந்தாள். பிறகு காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். "பக்கத்துல உள்ளது எதுவும் உங்க அப்பாவுக்குத் தெரியாது ட்டி. நேரா உள்ளது மட்டுந்தான். குழாய்க்குள்ள பாக்குற மாதிரி. ரெண்டு வருஷமாச்சு. அந்தக் குழாயும் சிறுத்துக்கிட்டே வருது. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

தோளில் தட்டுவது அதற்காகத்தான், அண்ணா. இடது தோளென்றால் இடது பக்கம் ஆள் வருகிறது. வலது தோளென்றால் வலது பக்கம். இரண்டு தோளிலும் தட்டினால் பிரேக். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ, "என்னம்மா, அப்பா முதுகுல மத்தளம் வாசிக்கியா?" என்று கேலி செய்தாயே. ஹால் ஏன் இப்படிக் காலியாகக் கிடக்கிறது என்றும் கேட்டாய். கூட்டிப் பெருக்க லேசாக இருக்கிறது என்றாள் அம்மா. அப்பா கால் தட்டி விழாமல் இருக்க ஒவ்வொரு சாமானாக நகர்த்தியிருக்கிறாள்.

நமக்குத் தெரியாமல் போனது பறவைகளால். ஜனவரியில் கூந்தன்குளத்தில் கணக்கெடுத்தபோது அப்பா தொலைநோக்கியில் பார்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்றார். காலேஜ் பிள்ளைகள் இருநூற்றுத் தொண்ணூறு என்றார்கள். போட்டோவில் எண்ணிப் பார்த்தால் முந்நூற்றுப் பதினான்கு. அந்த வட்டத்துக்குள் அவர் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தொலைநோக்கியைக் கீழே இறக்கிய பிறகு, கரையில் கட்டியிருந்த ஆட்டின் கயிற்றில் தடுக்கி விழுந்தார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். "சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்கு. இருந்தாலும் எனக்காகப் பண்ணு" என்றாள். நீ சாவியைப் பிடுங்கிவிடுவாய், அதோடு அப்பா படுத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். ஞாயிறுதோறும் நீ வீடியோவில் போன் பண்ணும்போது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்திருப்பேன். போன வாரம் ஏன் என் முகம் அப்படி இருக்கிறது என்று கேட்டாய். ரிசல்ட் பயம் என்றேன். நானூற்று நாற்பத்தொன்று வாங்கியும் எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

இப்போது அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். நான் அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைக்கக் கை வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். குடித்தார். என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நடந்து போய்ப் படுத்துவிட்டார். நான் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, அண்ணா. இந்த மனிதரா மலைப்பாதையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போகிறார்?

இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனில் கத்தாமல் கடிதம் எழுதுகிறேன்.

அம்மா ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நீல நோட்டுப் போடுவாள் அல்லவா? எங்கே டீ குடித்தார்கள், எந்த மைல்கல்லில் மழை பிடித்தது என்றெல்லாம் எழுதி, இறகுகளை ஒட்டி வைப்பாளே. பதினொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் இரண்டே வரி. ஓட்டுபவர்: தேவதாசன். எழுதுபவர்: தேவமணி. நேற்று அவள் பெட்டி அடுக்கும்போது பன்னிரண்டாவது நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஓட்டுபவர்' என்று எழுதியிருக்கிறது. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. 'எழுதுபவர்' என்பதற்கு எதிரேயும் இல்லை. பின் அட்டை உறைக்குள் அப்பாவின் கண் டாக்டர் ரிப்போர்ட்டும், அதோடு அம்மாவின் லைசன்ஸும் இருந்தன. ஸ்கூட்டர் லைசன்ஸ் அல்ல. கியர் வண்டிக்கு, போன நவம்பரில் எடுத்தது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போவதுபோலப் போய் சுடலைக்கண்ணு அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஒங்க அம்மாவா? மணிமுத்தாறு டேம் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வந்துட்டாவ பிள்ள. பின்னால உக்காந்து வந்த நாந்தான் 'ஏசுவே, ஏசுவே'ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். நான் சுடலைமாடனக் கும்பிடுதவன்" என்றார். கொயர் பிராக்டீஸ் என்று சனிக்கிழமைதோறும் அவள் போனது இதற்குத்தான். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், உமக்குக் கண் போய்விட்டது என்று அவளே முகத்துக்கு நேராகச் சொன்னதுபோல ஆகிவிடும். அதை அவளால் செய்ய முடியாது. அந்த வெற்று இடத்தை வைத்துக்கொண்டு உன் வீடு வரைக்கும் வருகிறாள்.

அதனால் சாவியைப் பிடுங்காதே, அண்ணா. அவர்களைத் திருப்பி அனுப்பவும் செய்யாதே. முடிந்தால் லீவு போட்டு, நீயும் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு கூடவே போ. அம்மாவுக்கு மலை ஏறிப் பழக்கமில்லை. அது முடியாவிட்டால் ரயிலிலோ காரிலோ எப்படியாவது அந்த ஏரிக்குக் கொண்டுபோ. அப்பா அந்த வாத்துகளைப் பார்த்துவிட வேண்டும். இந்த வருஷமே பார்த்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த நீல நோட்டைக் கேட்டு வாங்கு. முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவோடு அப்பாவிடம் கொடு. அவரே எழுதட்டும். நீ ஒன்றும் பேசாதே. பக்கத்தில் எங்கேயும் வைத்துவிடாதே. நேர் முன்னால் வை. நேர் முன்னால் வைத்தால் அவருக்குத் தெரியும்.

உங்கள் மூன்று பேருடைய போக்கையும் வரத்தையும் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நான் சித்தி வீட்டில் இருப்பேன். ஒரு போன் மட்டும் பண்ணு. வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று மட்டும் சொல்லு, போதும்.

உன் அன்புத் தங்கை,
ஜெசி