ஏலே என்று கூப்பிட்ட குரல்

திசையன்விளை, ஐப்பசி, வெள்ளிக்கிழமை

செச்சினியாவில் ஒரு படைத்தளபதியின் முகாமில் தம்பி சமையல்காரன். இன்று மத்தியானம் போன் பண்ணினான்.

"தளபதி தங்கமான ஆளுண்ணே. நம்ம கருப்பட்டிக் காப்பின்னா உசுரு. நாளைக்குச் சண்டை நடக்குத இடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போறாராம்."

போகாதலே என்றேன்.

"மாட்டேன்னு சொல்ல முடியாதுண்ணே. முன்ன அங்க நடந்த உள்நாட்டுப் போருல எதிர்ப்பக்கம் நின்ன சொந்தத் தம்பியையே சுட்டவரு."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், கோட்டிக்காரப் பயல்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல், "ஏலே, இங்கன வாலே" என்றது. அசல் நம்மூர்ப் பேச்சு.

"உங்க அண்ணன் உன்னைய எப்படிக் கூப்பிடுவாருன்னு தளபதி கேட்டாரு. சொல்லிக்கொடுத்தேன்" என்றான். போன் கட்டாகிவிட்டது.

அந்தக் குரலில் பாசம் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. தன் தம்பியையும் அவன் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான்.