உன் செயின்சாவுக்குப் புதுக் குழாய்

எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாசம் போகவில்லை. விரலை முகரும்போதெல்லாம் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இன்று காலை உன் செயின்சாவுக்குப் புதுப் பெட்ரோல் குழாய் போட்டேன். உன்னைக் கேட்காமல்.

நீ இருந்தவரை அதை என் கையில் கொடுத்ததில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நமக்கு லீவு கிடைக்கும் நாளில், ஆயர் ஈத்தாம் மலையடியில் யார் வீட்டு மரம் சாய்ந்திருந்தாலும் நம் இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். கிளையில் கயிறு கட்டி இழுப்பது நான், அறுப்பது நீ. "ஒரு தடவ என்கிட்ட குடேன்டா" என்று கேட்டால், "நீ கயித்தப் புடி, அது போதும்லா" என்பாய். சிம்பாங் அம்பாட் பழைய இரும்புக் கடையில் துருவோடு கிடந்ததைத் தூக்கி வந்து நீயே உயிர் கொடுத்த மெஷின். "இது நம்ம ரெண்டு பேருக்கும் மூத்தது. மரியாதையா தொடு" என்று வேறு சொல்வாய்.

கடைசியாக மரம் அறுத்துவிட்டுத் திரும்பிய மதியம், சாலையோரக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். "கொஞ்சம் மூச்சு வாங்குதுடா" என்றாய். தேநீர் மேசைக்கு வருவதற்குள் நாற்காலியோடு சரிந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதெல்லாம் எங்கள் ஆறுதலுக்குத்தான். செயின்சாவை நான்தான் உன் வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டோர் அறையில் வைத்தேன். நீயாக இருந்தால் தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு வைத்திருப்பாய். அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

உன் மனைவி மல்லிகாவை நான் கட்டிக்கொண்டேன். இதை உன்னிடம் சொல்ல இப்போதுதான் வாய் வருகிறது. நீ போய்ப் பல வருடங்கள் கழித்துத்தான். குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது, பல்பு மாற்ற வேண்டும் என்று எப்போதாவது வந்துபோய்க்கொண்டிருந்தேன். கேட்டது அவள்தான். "பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு வேணும்னு இருக்கு. உங்களுக்கும் யாரும் இல்ல" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் அன்றிலிருந்து முள்ளாகக் குத்துகிறது. யாருக்கும் துரோகம் செய்யவில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தும், உன் வீட்டில் விருந்தாளிபோலத்தான் நடமாடுகிறேன். டிவி முன்னால் இருக்கும் உன் நாற்காலியில் உட்காருவதில்லை. அலமாரியில் உன் சட்டைகள் தொங்கிய பக்கத்தை மல்லிகா எப்போதோ காலி செய்து கொடுத்துவிட்டாள்; என் சட்டைகள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன.

போன வாரம் அடித்த காற்றில் பின்பக்கத்து ரம்புத்தான் மரத்தின் பெரிய கிளை முறிந்து, பின்வீட்டுத் தகரக் கூரைமேல் தொங்கியது. ஆள் கூப்பிட்டு வெட்டலாம் என்றேன்.

"எதுக்கு ஆளு? ஸ்டோர்லதான் செயின்சா இருக்கே" என்றாள் மல்லிகா, கீரை ஆய்ந்தபடி.

"அது அவனோடது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வீடும்தான். ரிப்பேர் பண்ணிப் பாருங்க."

தூசி தட்டித் திறந்து பார்த்தேன். தொட்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை லேசாகத்தான் இழுத்தேன்; துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. நான் வைத்த பெட்ரோல்தான் இத்தனை வருடமாக அதைத் தின்றிருக்கிறது.

குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு மெஷின் சாமான் வாங்க நீ வழக்கமாகப் போகும் ஜெலுத்தோங் கடைக்குப் போனேன். அந்தச் சீனப் பெரியவர் துண்டைப் பார்த்ததுமே எந்த மெஷின் என்று கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, உன் கூட்டாளி எங்கே, ஆளையே காணோமே என்று மலாயில் கேட்டார்.

செத்துப்போய்விட்டான் என்று சொல்ல வேண்டியதுதானே? அப்படிச் சொன்னால் அடுத்து உன் மனைவியைப் பற்றி விசாரிப்பார் என்று பயந்தேன்.

"அடா, டி ரூமா" என்றேன். இருக்கிறான், வீட்டில்தான்.

அவர் சிரித்தார். குழாயோடு புது வடிகட்டி ஒன்றையும் பையில் போட்டு, விசாரித்ததாகச் சொல்லு என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேன், கேட்டுக்கொள்.

இன்று காலை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். தொட்டியின் ஓட்டை வழியாகக் குழாயை நுழைப்பதுதான் பெரும்பாடு. நுனியைச் சாய்வாகச் சீவி, உள்ளிருந்து கம்பியால் கொக்கி போட்டு இழுத்தேன். வழுக்கி வழுக்கிப் போனது. இந்த இடத்தில் நீ நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொள்வாய். பாதியில்தான் கவனித்தேன், நானும் அப்படித்தான் கடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

வடிகட்டியை மாட்டி, எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். இழுத்து இழுத்துத் தோள் வலித்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது, புகையைக் கக்கிக்கொண்டு அது பிடித்துக்கொண்டது. தெருவே கேட்கும் அதே சத்தம்.

"ஏங்க! மெதுவா! கால பாத்து!"

சமையலறையிலிருந்து மல்லிகாவின் குரல். என் கை அப்படியே நின்றுவிட்டது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. நீ இருந்தபோது 'செல்வம் அண்ணே' என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அது முடியாதல்லவா? பக்கத்தில் வந்து நின்றுதான் பேச்சைத் தொடங்குவாள். 'ஏங்க' உனக்கு மட்டும்தான். அது உன் மெஷின் சத்தத்துக்குக் கொடுத்த குரல். ஆனால் கேட்ட அந்த நொடியில், அது எனக்காக இருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். உன்மேல் பொறாமைகூட வந்தது. உயிரோடு இருப்பவன் நான்; பொறாமைப்படுவதும் நானேதான்.

மெஷினை அணைத்தேன். அரிசி கழுவிய ஈரக்கையோடு அவள் பின்வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"சத்தம் கேட்டதும் வாயில தானா வந்துருச்சி..."

"பரவால்ல மல்லிகா."

கையைத் துடைத்துக்கொண்டு கிளையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "வெட்டுங்க. மழ வர மாரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெட்டினேன். கயிறு பிடிக்க ஆளில்லாமல், கிளையை மரத்தோடு கட்டிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து இறக்கினேன். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, துடைத்து, அதே மூலையில் வைத்தேன்.

குளித்துவிட்டு வந்தபோது மழை பிடித்திருந்தது. மல்லிகா மேசையருகே நின்றிருந்தாள். நேராக என் முகத்தைப் பார்த்து, "ஏங்க, சோறு போடட்டா?" என்றாள். சொல்வதற்கு முன் அவள் மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

வீடு, மரம், மெஷின் எல்லாம் போக, உன்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் இன்று வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "போடு" என்றேன். பசித்தது; இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலையில் மறுபடி கூப்பிட்டாள். ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பினேன். முதலில் திரும்ப வேண்டியவன் நீ அல்லவா? இனியும் அப்படித் தாமதித்துத்தான் திரும்புவேன் போலிருக்கிறது. மல்லிகா அதைக் கவனித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.