பிலோமியின் சவுரி

இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டையையும் மீறிக்கொண்டு முகப்பவுடர் வாசம் வந்தது, மாப்பிள்ளை. உள்ளே பிலோமியின் சவுரி. பாதி முடிதான் மிச்சம். மீதியைப் பிய்த்தது உன் மகள். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். குறுக்கே விழுந்து திருத்த நீ இல்லாத தைரியம்.

நம் புன்னக்காயலில் மாதா திருநாளுக்கு நீ எழுதிய நாடகம் அது. கதாநாயகி பிலோமி அப்பனோடு மல்லுக்கு நிற்பாள், பள்ளிக்கூடச் சுவரேறிக் குதிப்பாள், ஓர் உதவாக்கரையை நம்பித் தோணியேறிப் போவாள், கைப்பிள்ளையோடு தனியாகத் திரும்புவாள். கடைசியில் பிள்ளையைக் கோயில் படியில் போட்டுவிட்டுக் கடலில் இறங்கிவிடுவாள். அவளாக நடிக்க இந்தக் கடற்கரையில் என்னை விட்டால் ஆள் ஏது? ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், நாற்பது பக்க வசனத்தை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தேன். மீசையை எடுத்துச் சேலை கட்டிய அன்று என்னையே இரண்டு பேர் பெண் கேட்டார்கள். ஒருவர்தான், அவருக்கும் கண்ணில் புரை என்பாய் நீ.

அந்த முடிவு வேண்டாம் என்று உன் மனைவி எவ்வளவோ சொன்னாள். "பெத்தத போட்டுட்டுப் போறவ சாகட்டும்" என்றாய். ஆறு மாதக் கைக்குழந்தையாக உன்னைச் சித்தியிடம் விட்டுப்போன உன் அம்மாவைத்தான் நீ பிலோமிக்குள் வைத்திருந்தாய். எங்களுக்கும் அது தெரியும்.

திருநாள் சாயங்காலம், பிலோமியின் பிள்ளையாக வைத்திருந்த துணிப்பொம்மையைக் காணோம். கந்தல் மூட்டை என்று எண்ணி உன் மச்சினன் அதை வள்ளத்து ஓட்டையில் திணித்துவிட்டான். அவசரத்துக்கு, ஐந்து மாதமான உங்கள் மகளையே உன் மனைவி என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது சிரித்தாளோ என்று இப்போது சந்தேகம்.

ஐயாயிரம் பேர் கூட்டம். குனிந்து பிள்ளையைப் படியில் வைக்கப் போனேன். அது என் சவுரியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன், விடவில்லை. எதிரே ஒரு மீன்காரி எழுந்துவிட்டாள்.

"ஏட்டி பிலோமி! பிள்ளைய மட்டும் கீழ வச்சே, மேடையில ஏறி மிதிச்சிருவேன் பாத்துக்கோ!"

திரைக்குப் பின்னாலிருந்து நீ: "ஏலே, என்னலே செய்யுத? கடலுக்குப் போலே!"

பிள்ளை என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. நாற்பது பக்கமும் எனக்கு மறந்துபோயிற்று.

"கடலுக்கு வேணும்னா நீ போலே! எம்பிள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் போமாட்டேன். கருவாடு வித்தாவது இவள வளப்பேன்!"

ஆண்குரலிலேயே கத்திவிட்டேன். அன்றைக்குக் கூட்டம் அடித்த விசிலில் பாபநாசம் மலைக் குரங்கெல்லாம் மிரண்டு ஓடியிருக்கும்.

நீ மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நோட்டோடு வந்தாய். புதிய கடைசிக் காட்சி எழுதியிருந்தாய். அதில் பிலோமி கருவாட்டுக் கூடை சுமக்கிறாள். மகளின் கையைப் பிடித்துப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். ஊரோடெல்லாம் சண்டை போட்டவள், இப்போது மகளுக்காக மட்டும் சண்டை போடுகிறாள். நீயே வாசித்துக் காட்டினாய்.

"நான் பிலோமியத்தாம்லே எழுதுனேன். அம்மாவ நீல்லா பெத்துப் போட்ட" என்றாய். நோட்டை மூடிவிட்டு, "நானும் அன்னைக்கு எங்கம்மா முடியப் புடிச்சிருக்கணும்லே" என்று சிரித்தாய். அம்மா என்ற சொல்லை நீ கோபமில்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் தன் கைப்பிள்ளையோடு வந்தாள். "பிலோமி மாமா, கொஞ்சம் புடிங்க" என்று என் மடியில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். உன் பேரன் என் நரைத்த மீசையை எட்டிப் பிடித்தான். அதே பிடி. சாப்பிட்டு முடித்து வந்தவள், "கீழ விடுங்க மாமா, கை வலிக்கப் போவுது" என்றாள்.

ஆயிரம் வேஷம் கட்டியவன் நான், மாப்பிள்ளை. பிள்ளையைக் கீழே வைக்கும் அந்த ஒரு காட்சி மட்டும் இன்றைக்கும் எனக்கு நடிக்க வரவில்லை.