பாதிரி என்கிற அண்டங்காக்கை

எய்ரி பண்ணை,
மேற்கு ஐஸ்லாந்து,
27 செப்டம்பர் 1971

தம்பி கெதிலுக்கு அக்கா ஸ்வான்போர்க் எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஓடையைத் தாண்டினால் உன் வீடு. ஆனாலும் இந்தக் கடிதம் தபால் படகில் ஊர் சுற்றித்தான் வரும். உன் முகத்தை நேரில் பார்த்தால் என்ன செய்வேனோ, எனக்கே தெரியாது.

என் பாதிரியைச் சுட்டாய். சுட்டதோடு விட்டாயா? உன் வாத்துத் தீவில் கம்பம் நட்டு, தலைகீழாய்த் தொங்கவிட்டிருக்கிறாய். காப்பி போட அடுப்படிக்குப் போனால் ஜன்னலில் அதுதான் தெரிகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு அது. மீனும் ரொட்டியும் ஊட்டி ஆறு வருஷம் வளர்த்தேன். அவர் கடலோடு போன பிறகு இந்த வீட்டில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அது ஒன்றுதான். அதற்காக ஊரார் என்னைச் சூனியக்காரி ஆக்கினார்கள். கோயில் வாசலில் என் காதுபடவே, "காக்காகிட்ட சாவு சேதி கேக்குறவ வந்துட்டாடி, தள்ளி நில்லு" என்பார்கள். பொறுத்துக்கொண்டேன். உன்னைப் பொறுக்க முடியவில்லை.

அதை இறக்கிக் கொடு. புதைக்க வேண்டும்.

அக்கா

*

ஹோல் பண்ணை,
5 அக்டோபர் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால்வலி எப்படி இருக்கிறது? இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது.

நான் செய்தது தப்பென்று தோன்றவில்லை. அண்டங்காக்கை முட்டை தின்னும் சாதி. வசந்தத்தில் நானூறு கடல்வாத்து வந்து அடைகாத்தால்தான் கூட்டில் மெத்தைக்கு விற்கிற தூவி மிஞ்சும், எனக்கும் சோறு. செத்தது ஒன்று தொங்கினால்தான் மற்றவை கிட்டே வராது. வசந்தம் வரை அங்கேயே இருக்கட்டும். ஒரு காக்கைக்காகக் கூடப்பிறந்தவனோடு சண்டையா? கிறிஸ்துமஸுக்குப் புகைபோட்ட ஆட்டுத்தொடை அனுப்புகிறேன்.

தம்பி கெதில்

*

எய்ரி,
18 அக்டோபர் 1971

கெதிலுக்கு,

முட்டையா? செப்டம்பரில் எந்த வாத்தடா முட்டை போடுகிறது?

காரணம் ஊருக்கே தெரியும். மலையிலிருந்து இறக்கிய ஆடுகளைப் பட்டியில் பிரித்த அன்று, பாதிரி சுவர்மேல் உட்கார்ந்து அப்படியே உன் குரலில், "டேய் ஸ்னாட்டி, வாடா சோம்பேறி!" என்று கத்தியது. உன் நாய் மந்தையைப் போட்டுவிட்டு அதனிடம் ஓடியது. "கெதில விட காக்கா நல்லா மேய்க்குதுப்பா!" என்று ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்றாம் நாள் நீ துப்பாக்கியைத் தூக்கினாய்.

அப்பா சொன்னதை மறந்துவிட்டாய். வீட்டுக் காக்கைதான் வெளிக் காக்கைக்கு வேலி. ஆறு வருஷத்தில் வேற்றுக் காக்கை ஒன்றாவது இந்த ஓடைக்கரையில் இறங்கியதா? என் வாசலில் தின்றுவிட்டு உன் தீவையும் சேர்த்துத்தான் அது காவல் காத்தது. அதைத்தான் சுட்டாய்.

ஆட்டுத்தொடையை நீயே தின்னு.

ஸ்வான்போர்க்

*

ஹோல்,
12 பிப்ரவரி 1972

அக்கா,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உன் வாசலில் முப்பது நாற்பது அண்டங்காக்கைகள் இறங்குகின்றன. குடலும் தலையுமாய் வாளி வாளியாகக் கொட்டுகிறாயாமே. "உங்கக்கா காக்காய்க்குப் பந்தி போடுறாங்கய்யா, உனக்கு எல இல்லையா?" என்று படகுக்காரன் என்னைக் கேலி செய்கிறான். குளிரில் வீட்டுக்கு இரண்டு காக்கைக்குப் போடுவது நம் வழக்கம். இத்தனைக்கு யார் போடுவார்கள்?

பாதிரியை இறக்கிவிட்டேன். துணியில் சுற்றி இந்தப் படகிலேயே அனுப்பியிருக்கிறேன். ஆமாம், எல்லோரும் சிரித்ததால்தான் சுட்டேன். போதுமா? உன் காலில் விழுகிறேன், தீனியை நிறுத்து. தீவு போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

கெதில்

*

எய்ரி,
20 மே 1972

அன்புத் தம்பிக்கு,

பாதிரி வந்து சேர்ந்தது. அடுப்படி ஜன்னலுக்குக் கீழே புதைத்தேன். நீ உண்மையை எழுதியதைப் படித்ததும் மனசு இளகியது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க இளகிக் கிடந்தேன். மறுநாள் விடிந்ததும் வாசலில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அத்தோடு அது போய்விட்டது.

உன் வாத்துகள் இந்த வருஷம் நிறைய வந்திருக்கின்றன. தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இந்நேரம் கூட்டுக்கு நாலைந்து முட்டை இருக்கும்.

காக்கைக்கு இட்டவருக்குக் கடவுள் தருவார் என்பார்கள் நம்மவர்கள். குளிர்காலம் முழுக்க நாற்பத்தொரு காக்கைக்கு இட்டேன். நிறுத்து நிறுத்து என்று நீ கெஞ்சினாய். தம்பி பேச்சை அக்கா தட்டுவேனா? இன்று காலையோடு நிறுத்திவிட்டேன். ஒரு துண்டு போடவில்லை. கூரைமேல் உட்கார்ந்து கத்திப் பார்த்தன. இதை எழுதும்போதே ஒவ்வொன்றாய் எழும்பிப் போகின்றன.

இந்தக் கடிதம் படகில் சுற்றி உன்னிடம் வர ஐந்து நாள் ஆகும். அவை ஓடையைத் தாண்டினால் போதும்.

உன் அக்கா
ஸ்வான்போர்க்