நாலு ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்

ஐசலின், நியூ ஜெர்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா? நான் நலம். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை என் காரின் பின்பக்க ஸ்பிரிங் உடைந்து, அதன் முனை டயரைக் கிழித்துவிட்டது. ஹைவேயிலிருந்து இறங்கி மெதுவாக வந்ததால் வண்டி ஓரமாக இழுத்ததோடு சரி. எனக்குக் கீறல்கூட இல்லை. இரண்டு வாரமாகவே டக் டக்கென்று சத்தம். வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பன் இளமாறனுக்கு வாங்கிய கிரைண்டர் டிக்கியில் இருந்தது. அதன் கல்தான் ஆடுகிறது என்று நினைத்துவிட்டேன். மெக்கானிக்கல் படித்தவன், ஒருமுறை குனிந்து பார்க்கவில்லை. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு ஸ்பிரிங்கை அரித்திருக்கிறது.

இளமாறனைப் போனில் கூப்பிட்டேன். "மச்சி, கல்லு உடையலைல்ல?" என்றுதான் முதலில் கேட்டான்.

அப்பா, உங்கள் வண்டியிலும் அதே சத்தம். வீடியோ காலில் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் கண்ணு" என்றீர்கள். அப்படி இல்லை. அதில் அம்மாவை வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறாதீர்கள். மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி நிறுத்தி, நாலு ஸ்பிரிங்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவிடம் பருப்புப்பொடி கேட்டேன் என்று சொல்லுங்கள். கடையில் வாங்குவது இறங்கவில்லை.

வண்டியை இழுத்துப்போக வந்தவர் அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்டார். உங்களுடையதைக் கொடுத்தேன். உள்ளூரில் யாரும் இல்லையா என்றார். யோசித்தேன், இல்லை. அந்த நம்பருக்குப் போன் வந்தால் எடுக்க நீங்கள் இருக்க வேண்டும். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது.

சபரி